ஆளுக்கொரு ஃபோல்டர், அதுவும் எதுவரை? எஸ்எஃப்டிபி சர்வரில் அனுமதி வைக்கும் கதை

எஸ்எஃப்டிபி சர்வர், அதாவது நெட் வழியாக ஃபைல்களைப் பாதுகாப்பாக வாங்கவும் கொடுக்கவும் ஒரு சர்வர், வைப்பது ஒரு வேலையே இல்லை. லினக்ஸ் மெஷினில், தூரத்திலிருந்து உள்ளே நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் ஓடிக்கொண்டிருந்தால் அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, ஒரு யூசரை உருவாக்கி 22ஆம் போர்ட்டுக்கு ஃபைல்ஜில்லா என்ற ஃபைல் அனுப்பும் புரோகிராமைத் திருப்பினால் இணைந்துவிடும். இணைந்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது. வாடிக்கையாளருக்கென்று கொடுத்த அந்த அக்கவுண்டில் நுழைந்து ஒரு ஃபோல்டர் மேலே போ, இன்னொன்று மேலே போ என்று ஏறிப் பாருங்கள், சர்வரின் மொத்த ஃபோல்டர் மரமும் கண்முன் விரியும். எழுத முடியாது, சரி. ஆனால் சிஸ்டத்தின் செட்டிங் எல்லாம் உட்கார்ந்திருக்கும் இடிசி ஃபோல்டரில் பாதி கான்ஃபிக் ஃபைல்களைப் படிக்கலாம், அந்த மெஷினில் வேறு யார் யாருக்கு அக்கவுண்ட் இருக்கிறது என்று பட்டியல் எடுக்கலாம், பக்கத்து வாடிக்கையாளரின் ஃபோல்டர் பெயரைப் பார்த்து அவர் நமக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார் என்று ஊகிக்கலாம்.

நான் பார்த்துக்கொள்ளும் சர்வர்களில் ஒன்று சிவகாசிப் பக்கம் ஓர் அச்சகத்தில் இருக்கிறது. ஆடிப்பெருக்கன்று புது வருஷ காலண்டர் ஆல்பம் வெளிவந்ததும் ஆர்டர்கள் வர ஆரம்பிக்கும், அப்புறம் மார்கழி வரைக்கும் டிசைன் ஃபைல்தான். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கி நாசம் செய்துவிடும், பென் டிரைவில் வந்தால் கூடவே வைரஸும் வரும். அதனால் எஸ்எஃப்டிபி. முதலாளி அண்ணாச்சி சொன்னது இதுதான்: “தம்பி, எல்லாத்தையும் தொறந்து விட்டுருங்க, ஃபைல் வந்தாச் சரி.”

“தொறந்து விட்டா ஃபைல் வரும் அண்ணாச்சி. இந்த நகைக்கடை டிசைனை எதுத்த நகைக்கடைக்காரரும் பாத்துருவாரு.”

“அப்பப் பூட்டுங்க.”

எப்படிப் பூட்டுவது என்பதைத்தான் எழுதுகிறேன். நெட்டில் தேடினால் பத்து வரி கான்ஃபிக் நிறைய இடத்தில் கிடைக்கும், காப்பி பண்ணிப் போட்டால் ஓடும், அல்லது ஓடாது. ஓடாதபோது பெரும்பாலானவர்கள் செய்வது சிஎச்மோட் 777, அதாவது எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிடும் கமாண்ட். அதைச் செய்தால் இந்த இடத்தில் நிச்சயமாகவே ஓடாது, ஏன் என்று கீழே வருகிறது.

முதலில் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு யூசர் ஒரு ஃபோல்டரைத் தொடுவதற்கு இரண்டு இடத்தில் அனுமதி வேண்டும். ஒன்று சர்வர் சாஃப்ட்வேர் அவருக்கு எதைக் காட்டுகிறது என்பது. இன்னொன்று, காட்டியதை ஆப்பரேட்டிங் சிஸ்டம் அவர் பெயரில் திறக்க விடுகிறதா என்பது. சர்வர் கான்ஃபிக்கில் முழு அனுமதி கொடுத்துவிட்டு “பர்மிஷன் டினைட் வருதே” என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் எல்லாரும் இரண்டாவதை மறந்தவர்கள். டிஸ்க்கில் அனுமதியைச் சரியாக வைத்தும் பக்கத்து ஃபோல்டர்கள் வெளியே தெரிகிறதென்றால் முதலாவதை விட்டுவிட்டார்கள். லினக்ஸோ விண்டோஸோ, எந்த சர்வராக இருந்தாலும் இந்த இரண்டும்தான்.

ஓப்பன்எஸ்எஸ்எச்சில் முதலாவதைச் செய்வது சிஎச்ரூட் டைரக்டரி என்ற செட்டிங். 2008இல் வந்தது. அதற்கு முன்னால் இதையே செய்ய பேட்ச் போட்டு, ஃபோல்டருக்குள் ஒரு குட்டி லினக்ஸையே கட்டி வைக்க வேண்டியிருந்தது. இப்போது எஸ்எஸ்எச்டி கான்ஃபிக் ஃபைலின் கடைசியில் ஒரு மேட்ச் பிளாக் போதும்: இன்ன குரூப்பில் இருக்கும் யூசர் வந்தால், இன்ன ஃபோல்டரையே அவருக்கு ரூட்டாக, அதாவது உச்சி ஃபோல்டராகக் காட்டு, கமாண்ட் அடிக்கும் ஷெல் கொடுக்காதே, ஃபோர்ஸ்கமாண்டாக எஸ்எஸ்எச்சுக்குள்ளேயே இருக்கும் இன்டர்னல்-எஸ்எஃப்டிபியை மட்டும் ஓட்டு, இணைப்பை வேறிடத்துக்குத் திருப்பும் போர்ட் ஃபார்வர்டிங் கிடையாது. ஃபோல்டர் பாதையில் சதவீதக் குறியோடு யு என்று போட்டால் அந்த இடத்தில் யூசர்நேம் தானாக வந்து உட்காரும், ஆகவே ஐம்பது பேர் இருந்தாலும் ஒரே பிளாக்தான். இன்டர்னல் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். வெளியே இருக்கும் எஸ்எஃப்டிபி-சர்வர் புரோகிராமைக் கூப்பிட்டால், சிஎச்ரூட் ஆன பிறகு அந்த புரோகிராம் ஃபைலே கண்ணுக்குத் தெரியாது, இணைப்பு அப்படியே அறுந்துபோகும்.

கடைசியில் போடச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மேட்ச் பிளாக்குக்கு முடிவு என்று ஒரு குறி கிடையாது. அடுத்த மேட்ச் வரும் வரை, அல்லது ஃபைல் முடியும் வரை எல்லாமே அதற்குள்தான். உள்ளே எத்தனை ஸ்பேஸ் விட்டு அழகாக அடுக்கினாலும் அது நம் கண்ணுக்கு மட்டும். நடுவில் சொருகிவிட்டால் கீழே இருக்கும் பொதுவான செட்டிங் எல்லாம் அந்த குரூப்புக்கு மட்டும் உரியதாகிவிடும், சில சமயம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல். மாற்றியபின் எஸ்எஸ்எச்டி மைனஸ் டி கொடுத்தால் எழுத்துப்பிழையைச் சொல்லும். அதே டியைப் பெரிய எழுத்தில் கொடுத்து, மைனஸ் பெரிய சி போட்டு யூசர் பெயரையும் சொன்னால், அந்த யூசர் வந்தால் கடைசியில் எந்தெந்த செட்டிங் அமலாகும் என்று வரிவரியாகக் காட்டும். இந்த இரண்டாவதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. அப்புறம், சர்வீஸை ரீலோட் செய்யும்போது இப்போது திறந்திருக்கும் எஸ்எஸ்எச் விண்டோவை மூடாதீர்கள், இன்னொரு விண்டோவில் உள்ளே வர முடிகிறது என்று பார்த்த பிறகு மூடுங்கள்.

இனி அந்த 777 விஷயம்.

சிஎச்ரூட்டாகக் காட்டும் ஃபோல்டர் ரூட்டுக்கு, இங்கே மெஷினின் நிர்வாகி அக்கவுண்டுக்கு, சொந்தமாக இருக்க வேண்டும், ரூட்டைத் தவிர வேறு எந்த யூசருக்கோ குரூப்புக்கோ அதில் எழுதும் அனுமதி இருக்கக்கூடாது. அந்த ஃபோல்டர் மட்டுமில்லை, மேலே உச்சி வரைக்கும் பாதையில் வரும் ஒவ்வொரு ஃபோல்டரும் அப்படியே. இதில் ஒன்று தப்பினாலும் பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்ட அடுத்த நொடி இணைப்பு அறுந்துவிடும், வாடிக்கையாளர் பக்கம் “புரோக்கன் பைப்” என்றோ “கனெக்ஷன் ரீசெட்” என்றோ ஒன்றுக்கும் உதவாத ஒரு வரி வரும். அவர் நமக்கு போன் செய்து நெட் சரியில்லை என்பார். நெட்டெல்லாம் நன்றாகத்தான் இருக்கும். உபுண்டுவில் ஆத் லாகையும் ரெட்ஹேட் வகையறாவில் செக்யூர் லாகையும் திறந்தால் உண்மையான காரணம் அங்கே இருக்கும்: சிஎச்ரூட் டைரக்டரிக்கு ஓனர்ஷிப் அல்லது மோட் சரியில்லை என்று. அதே வரியில் காம்பொனன்ட் என்ற சொல்லும் வந்தால், தப்பு நீங்கள் குறிப்பிட்ட ஃபோல்டரில் இல்லை, அதற்கு மேலே ஒன்றில். எது என்று பெயரும் அங்கேயே இருக்கும். நேம்ஐ என்ற சின்ன கமாண்ட் ஒன்று உண்டு, மைனஸ் எல் போட்டு முழுப்பாதையைக் கொடுத்தால் உச்சியிலிருந்து கீழே வரை ஒவ்வொரு படிக்கும் ஓனர், குரூப், அனுமதி மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டுக் காட்டும். அச்சகத்தில் புதிதாக ஒரு டிஸ்க்கை மவுண்ட் செய்து ஃபோல்டர்களை அதற்கு மாற்றியபோது எல்லாருக்கும் இணைப்பு போய்விட்டது. இந்தக் கமாண்டில் மூன்றாவது வரியிலேயே 775 என்று பளிச்சென்று தெரிந்தது: டிஸ்க்கின் தலை ஃபோல்டரில் குரூப்புக்கு எழுதும் அனுமதியோடு வந்திருந்தது. 755 ஆக்கியதும் சரி. இந்த மூன்று எண்ணும் வரிசையாக ஓனர், குரூப், மற்றவர்கள்: 7 என்றால் எல்லாமே, 6 என்றால் படிக்க, எழுத, 5 என்றால் எழுத மட்டும் முடியாது, 4 என்றால் படிக்க மட்டும், 0 என்றால் எதுவுமில்லை.

ஏன் இவ்வளவு கறார் என்று எரிச்சல் வரும், எனக்கும் வந்திருக்கிறது. காரணம் நியாயமானது. ஒரு யூசரின் உலகத்துக்கு எது ரூட்டோ அதிலேயே அவர் எழுத முடியும் என்றால், அங்கே தானே ஓர் இடிசி ஃபோல்டரும் லிப் ஃபோல்டரும் உருவாக்கி, போலி பாஸ்வேர்ட் ஃபைலும் போலி லைப்ரரியும் வைக்கலாம். அந்த சிஎச்ரூட்டுக்குள் ரூட் அதிகாரத்தோடு ஓடும் ஏதாவது ஒரு புரோகிராம் அதை நிஜமென்று நம்பிப் படித்தால் மெஷினே போச்சு. ஆகவே வாடகைக்கு விட்ட போர்ஷன் மாதிரிதான்: உள்ளே சாமானை எப்படி வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம், சுவரில் கை வைக்கக் கூடாது.

அப்படியானால் வாடிக்கையாளர் எங்கேதான் எழுதுவார்? உள்ளே இருக்கும் இன்னொரு ஃபோல்டரில். எஸ்ஆர்வி ஃபோல்டர் அடியில் எஸ்எஃப்டிபி, அதன் அடியில் வாடிக்கையாளர் பெயரில் ஃபோல்டர், இதுவரை எல்லாம் ரூட்டுக்குச் சொந்தம், 755. அதற்குள் இன்கமிங் என்று ஒன்று, ப்ரூஃப் என்று ஒன்று. இன்கமிங்குக்கு ஓனர் வாடிக்கையாளர், குரூப் அச்சகத்து டிசைனர்கள், அனுமதி 2770. ப்ரூஃபுக்கு ஓனர் ரூட், குரூப் டிசைனர்கள், 2775, அதாவது டிசைனர்கள் போடுவார்கள், வாடிக்கையாளர் எடுத்துப் பார்க்கலாம், மாற்ற முடியாது. மற்றவர்களுக்குப் படிக்கும் அனுமதி கொடுக்கிறோமே, எதிர்க்கடைக்காரர் பார்த்துவிட மாட்டாரா என்றால், பார்க்க முடியாது, அவருடைய உலகத்தில் இந்த ஃபோல்டரே இல்லை. உள்ளே வந்ததும் நேராக இன்கமிங்கில் நிற்க வேண்டுமென்றால் இன்டர்னல்-எஸ்எஃப்டிபிக்குப் பக்கத்தில் மைனஸ் டி போட்டு அந்த ஃபோல்டர் பெயரைக் கொடுங்கள். இதைச் செய்யாவிட்டால் உச்சியில் நின்றுகொண்டு அங்கேயே ஃபைலை இழுத்துப் போட்டு, “அப்லோடே ஆகலை” என்று அடுத்த போன் வரும்.

அந்த 2770இல் முன்னால் நிற்கும் 2தான் இங்கே பாதி வேலையைச் செய்கிறது. அது இருந்தால் உள்ளே வரும் ஒவ்வொரு புது ஃபைலும் ஃபோல்டரின் குரூப்பை எடுத்துக்கொள்ளும், அதாவது டிசைனர்களின் குரூப்பை. இல்லாவிட்டால் வாடிக்கையாளரின் சொந்த குரூப் ஒட்டிக்கொண்டு வரும், டிசைனர் திறக்க முடியாமல் நம்மைக் கூப்பிடுவார். கூடவே இன்டர்னல்-எஸ்எஃப்டிபிக்கு மைனஸ் யு போட்டு, புது ஃபைலில் எந்த அனுமதியைக் கழிக்க வேண்டும் என்று சொல்லும் யூமாஸ்க்கை 0007 என்று வைத்தால் வெளியாருக்கு எதுவும் கசியாது. ஆனால் யூமாஸ்க் அனுமதியைக் குறைக்க மட்டும்தான் செய்யும், கூட்டாது. லினக்ஸிலிருந்து ஒருவர் 644 உள்ள ஃபைலை ஏற்றினால் இங்கே 640 ஆகத்தான் உட்காரும், குரூப்புக்குப் படிக்க முடியும், திருத்த முடியாது. நான் அதோடு மல்லுக்கட்டுவதில்லை. வந்த ஒரிஜினலை டிசைனர் அங்கேயே வைத்துத் திருத்தாமல், தன் ஃபோல்டருக்குக் காப்பி எடுத்து வேலை செய்வதுதான் நல்லது. வேலை முடிந்ததும் ஒரிஜினலை நகர்த்த அவருக்கு அந்த ஃபைல் மேல் எழுதும் அனுமதியே தேவையில்லை, ஃபோல்டர் மேல் இருந்தால் போதும்.

இந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். ஒரு ஃபைலை அழிப்பது, பெயர் மாற்றுவது, நகர்த்துவது மூன்றுமே லினக்ஸில் அந்த ஃபைலின் அனுமதியைப் பொறுத்ததில்லை, அது இருக்கும் ஃபோல்டரின் அனுமதியைப் பொறுத்தது. படிக்க மட்டும் என்று ஃபைலுக்கு 444 போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்கள் இருக்கிறார்கள். ஃபோல்டரில் எழுத முடிகிற யாரும் அதை அழித்துவிட்டுப் போகலாம்.

“அப்லோட் மட்டும் பண்ணட்டும், அழிக்க வேண்டாம்” என்று கேட்டால் அதற்கும் வழி இருக்கிறது. இன்டர்னல்-எஸ்எஃப்டிபிக்கு மைனஸ் பெரிய பி போட்டு, எந்தெந்தக் கோரிக்கையை மறுக்க வேண்டுமென்று பட்டியல் கொடுக்கலாம், ரிமூவ் என்பதை அதில் சேர்த்தால் அழிப்பது நின்றுவிடும். ஆசையில் ரீநேமையும் சேர்த்துவிடாதீர்கள். விண்டோஸில் பலரும் வைத்திருக்கும் வின்எஸ்சிபி, 100 கேபிக்கு மேற்பட்ட ஃபைலை முதலில் பெயருக்குப் பின்னால் ஃபைல்பார்ட் என்ற வாலோடு ஏற்றி, முழுதும் வந்து சேர்ந்த பிறகுதான் நிஜப்பெயருக்கு மாற்றும். ரீநேமை அடைத்தால் 400 எம்பி பிடிஎஃப் முழுக்க ஏறி, கடைசி நொடியில் எரர் வரும், வாடிக்கையாளர் மறுபடியும் முதலிலிருந்து ஏற்றுவார். சொல்லப்போனால் அந்த வால் நமக்கு நல்லதுதான், பாதி வந்த ஃபைலை டிசைனர் எடுத்துத் திறந்துவிட்டு ஃபைல் கரப்ட் என்று சொல்லாமல் இருப்பார்.

அதே வின்எஸ்சிபியில் இன்னொரு குழப்பம் வரும்: அப்லோட் ஆகிவிட்டது, ஆனால் அனுமதியையோ நேரத்தையோ வைக்க முடியவில்லை என்று. ஏற்கெனவே அங்கே வேறொருவர் பெயரில் இருக்கும் ஃபைலின் மேலேயே எழுதும்போது இது நடக்கும். உள்ளே எழுத குரூப் அனுமதி போதும், ஃபைலின் நேரத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்ற ஓனராக இருக்க வேண்டும். ஃபைல் பத்திரமாக வந்திருக்கிறது, கிளையண்ட் செட்டிங்கில் டைம்ஸ்டாம்பைக் காப்பாற்று என்பதை எடுத்துவிட்டால் போதும், சர்வரில் எதையும் தொடாதீர்கள்.

பாஸ்வேர்டுக்குப் பதில் சாவி ஃபைல் வைத்து நுழைபவர்களுக்கு ஒரு குறிப்பு. எந்தெந்தச் சாவியை ஏற்கலாம் என்ற பட்டியலான ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலை எஸ்எஸ்எச் படிப்பது சிஎச்ரூட்டுக்குள் போவதற்கு முன்னால். அதனால் அது நிஜ டிஸ்க்கின் பாதையில் இருக்க வேண்டும். நான் யூசரின் ஹோமிலேயே வைப்பதில்லை. இடிசி அடியில் எஸ்எஸ்எச் ஃபோல்டருக்குள் கீஸ் என்று ஒன்று போட்டு, யூசர் பெயரிலேயே ஆளுக்கொரு ஃபைல், எல்லாம் ரூட்டுக்குச் சொந்தம். வாடிக்கையாளர் தானாகப் புதுச் சாவி எதையும் சேர்த்துக்கொள்ள முடியாது, யாரிடம் சாவி இருக்கிறது என்று ஒரே இடத்தில் பார்த்துவிடலாம்.

ஒரே ஃபோல்டரைப் பலருக்குக் காட்ட வேண்டிய தேவையும் வரும். அச்சகத்தில் காலண்டர் டெம்ப்ளேட்டுகள், கலர் புரொஃபைல்கள் எல்லாம் பொதுவாக ஓரிடத்தில் இருக்கின்றன. சிம்லிங்க், அதாவது ஷார்ட்கட் மாதிரி ஒரு லிங்க், போட்டால் வேலை செய்யாது, லிங்க் குறிப்பிடும் பாதை யூசரின் உலகத்துக்கு வெளியே இருக்கிறது, சிவப்பாகச் செத்துக் கிடக்கும். ஒரே ஃபோல்டரை இன்னோர் இடத்திலும் நிஜ ஃபோல்டராகவே காட்டும் பைண்ட் மவுண்ட் போட வேண்டும், அதுவும் ரீட்-ஒன்லியாக, மவுண்ட்களின் பட்டியலான எஃப்எஸ்டேபில் ஒரு வரி சேர்த்துவிட்டால் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்கும்.

சரி, பழைய எஃப்டிபி? பாஸ்வேர்டை அப்பட்டமாக வயரில் அனுப்பும் புரோட்டோகால், முதல் வடிவம் 1971 ஏப்ரலில் வந்தது. எம்ஐடியில் இருந்துகொண்டு அதை எழுதிய அபய் பூஷண், கான்பூர் ஐஐடியின் முதல் பேட்ச். புதிதாக வைப்பவர்களுக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன், ஆனால் ஆபீசில் ஒரு பழைய ஸ்கேனர் எஃப்டிபியைத் தவிர வேறெதுவும் தெரியாது என்று உட்கார்ந்திருக்கும், அதற்காகவாவது லோக்கல் நெட்வொர்க்குக்குள் விஎஸ்எஃப்டிபிடி என்ற எஃப்டிபி சர்வரை ஓட்ட வேண்டிவரும். அங்கும் இதே விதிதான்: சிஎச்ரூட் ஆன ஃபோல்டரில் யூசருக்கு எழுதும் அனுமதி இருந்தால் “500 ஊப்ஸ்” என்று ஆரம்பித்து உள்ளே விட மறுக்கும். 2012இல் வந்த 3.0 பதிப்பில் இதைத் தளர்த்த அலவ் ரைட்டபிள் சிஎச்ரூட் என்று ஒரு செட்டிங் கொடுத்தார்கள், எல்லாரும் அதையே யெஸ் என்று போடச் சொல்கிறார்கள். போட வேண்டாம். உள்ளே ஒரு ஃபோல்டர் கூடுதலாக உருவாக்குவதில் என்ன கஷ்டம்? இன்னொன்று, டெபியன், உபுண்டுவில் யூசரின் ஷெல்லை, கமாண்ட் அடிக்க விடாத நோலாகின் என்று மாற்றினால் விஎஸ்எஃப்டிபிடி பாஸ்வேர்டே தப்பு என்று சொல்லும். ஷெல்களின் பட்டியலான ஷெல்ஸ் ஃபைலில் இல்லாத ஷெல்லை, லாகினைச் சரிபார்க்கும் பிஏஎம் ஏற்காததுதான் காரணம். எஸ்எஃப்டிபியில் இந்தத் தொல்லை இல்லை.

விண்டோஸ் பக்கம் அதிகம் எழுதப் போவதில்லை, இரண்டு விஷயம் மட்டும். ஃபைல்ஜில்லா சர்வரில் யூசருக்கு வெர்ச்சுவல் பாதை ஒன்றும் நேட்டிவ் பாதை ஒன்றும் கேட்கும்: முதலாவது அவர் பார்ப்பது, இரண்டாவது டிஸ்க்கில் நிஜமாக இருப்பது. நேட்டிவ் பாதையில் இசட் டிரைவ் என்று நெட்வொர்க் டிரைவைக் கொடுத்துவிட்டு ஃபோல்டர் காணோம் என்பார்கள். இசட் என்பது நீங்கள் லாகின் செய்த அக்கவுண்டுக்கு மட்டும் தெரியும் எழுத்து. சர்வர் ஒரு சர்வீஸாக சிஸ்டம் அக்கவுண்டில் ஓடுகிறது, அதற்கு அப்படி ஒரு டிரைவே கிடையாது. முழு நெட்வொர்க் பாதையைக் கொடுத்து, அந்த ஷேரில் அனுமதி உள்ள ஓர் அக்கவுண்டில் சர்வீஸை ஓட்டுங்கள். விண்டோஸோடு வரும் சர்வரான ஐஐஎஸ்ஸில், யூசர்களைத் தனித்தனியே பிரித்து வைக்கும் யூசர் ஐசொலேஷன் போட்டால், எஃப்டிபி ரூட்டுக்கு அடியில் லோக்கல்யூசர் என்ற பெயரிலேயே ஒரு ஃபோல்டர் இருக்க வேண்டும், அதற்குள் யூசர் பெயரில் இன்னொன்று. அந்தப் பெயரை அழகுக்காக மாற்றினால் 530 எரர், லாகின் ஆகாது.

எல்லாம் வைத்த பிறகு சோதிப்பதில் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஃபைல் ஏறுகிறதா என்று மட்டும் எல்லாரும் பார்ப்பார்கள். அந்த யூசராகவே உள்ளே போய், செய்யக்கூடாததைச் செய்து பாருங்கள்: மேலே ஏறுங்கள், ப்ரூஃபில் ஒன்றை அழியுங்கள், எஃப்டிபி கிளையண்டை விட்டுவிட்டு சாதாரண எஸ்எஸ்எச்சில் நுழையுங்கள். ஒவ்வொன்றும் மறுக்கப்பட வேண்டும்.

அப்புறம் சீசன் முடிந்து ஒரு வாடிக்கையாளர் போய்விட்டால் அவர் அக்கவுண்டை மூடுவது. யூசர்மாட் கமாண்டில் மைனஸ் பெரிய எல் போட்டால் பாஸ்வேர்டை மட்டும்தான் பூட்டும், சாவி வைத்திருப்பவர் வழக்கம்போல வந்துகொண்டிருக்கலாம். அக்கவுண்டின் காலாவதித் தேதியை 1 என்று, அதாவது எப்போதோ கடந்துபோன நாளாக வையுங்கள், சாவி ஃபைலையும் எடுத்துவிடுங்கள், ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு ஏதும் இருந்தால் அதையும் வெட்டுங்கள், அது தானாகப் போகாது. ஃபோல்டரை அழிப்பது கடைசியில். அழிப்பதற்கு முன்னால் மவுண்ட் பட்டியலை ஒருமுறை பாருங்கள். மேலே சொன்ன பொது டெம்ப்ளேட் ஃபோல்டரைச் சில இடத்தில் எழுதும் அனுமதியோடு பைண்ட் செய்திருப்பார்கள், அன்மவுண்ட் செய்யாமல், எதையும் கேட்காமல் அழிக்கும் ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் அடித்தால் அது அந்த வழியாக உள்ளே இறங்கி, எல்லா வாடிக்கையாளருக்கும் பொதுவான ஒரிஜினல்களைச் சுத்தமாகத் துடைத்துவிடும். பேக்கப் எங்கே இருக்கிறது என்று அண்ணாச்சி கேட்கும்போது பதில் கையில் இருந்தால் நல்லது.